2006 ஆவணிக்கு முன் எந்தச் செயலி: கல்யாண வீடியோ அறைக்கு மூன்று இரட்டைக் கருச் சில்லுகளின் ஒப்பீடு

ஆடி பிறந்துவிட்டால், மலேசியாவின் பினாங்கில், பினாங்கு ஸ்திரீட் கடைவீட்டு மாடியில் இருக்கும் என் மச்சானின் வீடியோ அறைக்கு வேலை குறைந்துவிடும். நம்மவர்கள் ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை. ஆவணியின் முதல் முகூர்த்தத்தில் தொடங்கினால் தீபாவளி வரை அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஆகவே கணினியை மாற்றுவதென்றால் இந்த நான்கு வாரங்களுக்குள் மாற்றியாக வேண்டும். 2006-ஆம் ஆண்டின் இந்த ஆடி மாதமோ அவரைப் போன்றவர்களின் தலையைச் சுற்ற வைத்துவிட்டது. ஜூலை 24-ஆம் தேதி ஏஎம்டி தன் இரட்டைக் கருச் செயலிகளின் (பிராசசர்களின்) விலையை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது; மூன்று நாள் கழித்து, 27-ஆம் தேதி, இன்டெல் தன் கோர் 2 டுவோவை வெளியிட்டது. ஆடித் தள்ளுபடி தமிழ்நாட்டுத் துணிக்கடைக்காரர்களுக்கு மட்டும் உரியதன்று போலும்.

வாங்கித் தரும் பொறுப்பு என் தலையில் விழுந்ததால் மூன்று சில்லுகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். விலை மலிந்து கிடக்கும் இன்டெல்லின் பென்டியம் டி 805, பாதி விலைக்கு இறங்கியிருக்கும் ஏஎம்டியின் அத்லான் 64 எக்ஸ்2 3800+, புதிதாக வந்திருக்கும் கோர் 2 டுவோவில் கடைசிப் படியான இ6300 ஆகியவையே அவை. கடைகளில் டூவல் கோர் என்று சொல்லப்படுவதையே, அதாவது ஒரே செயலிக்குள் கணக்குப் போடும் பகுதிகள் இரண்டு இருப்பதையே, இங்கே இரட்டைக் கரு என்கிறேன். 'கோர்' என்பது இப்போது ஒரு செயலியின் பெயராகவும் ஆகிவிட்டதால், பொதுவாகப் பேசும்போது கரு என்று சொல்வதே குழப்பமில்லாதது.

ஒப்பீட்டுக்கு முன், எந்தச் சுமைக்கு ஒப்பிடுகிறோம் என்பதைத் தெளிவாக்கிவிட வேண்டும். கடந்த வைகாசியில் ஒரு கல்யாணக் கேசட்டைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, பின்னால் வேறொரு கல்யாணத்தின் எம்பெக் மாற்றமும் (காட்சியை டிவிடிக்கேற்ற வடிவுக்கு மாற்றும் வேலையும்) ஓடிக்கொண்டிருந்தது. கெட்டிமேளம் முழங்க, மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துக் குனிகிற இடத்தில் திரை ஒரு கணம் உறைந்தது; நாதஸ்வரம் விக்கியது; அடுத்து அசைந்த காட்சியில் தாலி ஏற்கெனவே பெண்ணின் கழுத்தில் இருந்தது. மென்பொருளின் அடிப்பட்டையில் விடுபட்ட ஃப்ரேம்களின் எண்ணிக்கை ஏறியிருந்தது. அவ்வளவுக்கும் காரணம், நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் தன் அன்றாடச் சோதனையை அந்த நிமிடத்தில் தொடங்கியதுதான். கேசட்டைப் பின்னுக்குச் சுற்றி மறுபடி ஏற்றினால் காட்சி கிடைத்துவிடும் என்பது உண்மையே. ஆனால் ஒரு மணி நேரக் கேசட் ஏற ஒரு மணி நேரம் ஆகும். அதில் பேரம் கிடையாது.

இங்கேதான் கனமான பன்முக வேலை என்பதன் பொருள் இருக்கிறது. காத்திருக்கக்கூடிய வேலை, காத்திருக்க முடியாத வேலை என இரண்டு வகை உண்டு. எம்பெக் மாற்றம் காத்திருக்கும். பத்து நிமிடம் தாமதித்தால் பத்து நிமிடம் கழித்து முடியும், தரம் கெடாது. கேமராவிலிருந்து ஃபயர்வயர் கம்பி வழியாக வரும் டிஜிட்டல் வீடியோ (DV) வடிவக் காட்சி காத்திருக்காது. வினாடிக்கு சுமார் 3.6 மெகாபைட், மணிக்கு சுமார் 13 கிகாபைட் என்ற சீரான ஓட்டத்தில் அது வந்துகொண்டே இருக்கும். ஏந்திக்கொள்ளக் கணினி ஒரு கணம் தவறினால் அந்தக் கணத்துக்குரிய காட்சி போய்விட்டது. டிவிடி எழுதுவது இரண்டுக்கும் நடுவில் நிற்பது. எட்டு மடங்கு வேகத்தில் எழுத வினாடிக்கு 11 மெகாபைட் தேவை. தரவு வரத் தாமதித்தால் இன்றைய டிரைவ்கள் நிறுத்திவிட்டுத் தொடரும் என்பதால் தட்டு பாழாவதில்லை, நேரம் மட்டும் நீளும். மச்சானின் அறையில் முகூர்த்த காலத்தில் இந்த மூன்றும் ஒன்றாக ஓடும்; போதாததற்கு வாடிக்கையாளர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருப்பார். ஒரு வேலையை மட்டும் ஓட்டி எத்தனை நிமிடத்தில் முடிந்தது என்று பார்க்கும் சோதனைகள் இந்த அறைக்குப் பாதிக் கதையைத்தான் சொல்லும். எந்தச் சில்லு விரைவாக முடிக்கிறது என்பதைவிட, எந்தச் சில்லு திணறும்போதும் கேசட்டைக் கைவிடாமல் இருக்கிறது என்பதே எனக்கு முதல் கேள்வி.

இன்னொரு கேள்வி, போட்டி நிறுவனங்களைப் பற்றியது. பினாங்கில் அதைத் தவிர்க்க முடியாது. 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வளாகத்துக்கு வந்த முதல் நிறுவனங்களில் இன்டெல்லும் உண்டு, ஏஎம்டியும் உண்டு. இரண்டின் தொழிற்சாலைப் பேருந்துகளும் ஒரே சாலையில்தான் விடியற்காலையில் போகின்றன. எங்கள் குடும்பத்திலேயே அக்கா ஒன்றிலும் அத்தை மகன் மற்றொன்றிலும் வேலை பார்த்ததால், தீபாவளி விருந்தில் எந்தச் செயலி சிறந்தது என்ற பேச்சை எடுக்கக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம். இன்டெல் சில்லுகள் பலவற்றின் உலோக மூடியில் 'மலேய்' என்று பொறித்திருக்கும். ஏஎம்டியின் சில்லுகள் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வார்க்கப்பட்டு, பல இங்கே வந்து உருப்பெற்றுச் செல்கின்றன. ஆகவே ஊர்ப்பற்றை வைத்து முடிவெடுக்க வழியில்லை. நல்லதுதான், எதைப் பார்க்க வேண்டுமோ அதைப் பார்க்கலாம்.

முதலில் பென்டியம் டி 805. இதன் கவர்ச்சி விலை ஒன்றே: ஆயிரம் எண்ணிக்கையில் வாங்குவோருக்கான அறிவிப்பு விலை இப்போது நூறு டாலருக்கும் கீழே வந்துவிட்டது. அட்டைப்பெட்டியில் 2.66 கிகாஹெர்ட்ஸ் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதால், மற்ற இரண்டைவிட இதுவே வேகமானது என்று கடைக்கு வரும் பத்துப் பேரில் எட்டுப் பேர் நினைக்கிறார்கள். எக்ஸ்2 3800+ ஓடுவது 2.0 கிகாஹெர்ட்ஸில், இ6300 ஓடுவது 1.86 கிகாஹெர்ட்ஸில். ஆனால் இந்த எண் ஒரு சில்லை அதே குடும்பத்தின் இன்னொரு சில்லோடு ஒப்பிடத்தான் உதவும். பென்டியம் டி-யின் கருக்கள் பிரெஸ்காட் என்னும் பழைய பென்டியம் 4 வடிவமைப்பின் வழி வந்தவை; ஒரு கட்டளை உள்ளே நுழைந்து வெளியேற 31 படிகளைக் கடக்க வேண்டும். கோர் 2 டுவோவில் அந்தப் படிகள் 14. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று செயலி போட்ட கணக்கு தவறிவிட்டால், பாதி வழி வந்த வேலையையெல்லாம் கொட்டிவிட்டு மறுபடி முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும். படிகள் கூடக் கூட அந்த நட்டமும் கூடும்.

அதைவிட முக்கியமானது, இரண்டு கருக்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறை. 805-இல் இரண்டு கருக்களும் ஒரே சில்லில் அக்கம்பக்கத்தில் இருந்தாலும் அவற்றுக்கிடையே கதவில்லை. தலைக்கு ஒரு மெகாபைட் கேஷ் (சில்லுக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம்) தனித்தனியாக இருக்கிறது. ஒரு கரு மாற்றி எழுதிய தரவு மற்றதற்கு வேண்டுமானால், அது ஃப்ரன்ட் சைட் பஸ் என்னும் பொதுச்சாலைக்கு வெளியேறித்தான் வந்தாக வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்ல, பினாங்குப் பாலத்தைக் கடந்து எதிர்க்கரையிலுள்ள பிறை என்னும் ஊர் வரை போய்த் திரும்புவதைப் போன்றது இது. அந்தப் பாலமோ இந்தச் சில்லில் மற்றப் பென்டியம் டி-க்களில் இருப்பதைவிடக் குறுகலானது: 805-க்கு 533 மெகாஹெர்ட்ஸ் பஸ், அதாவது வினாடிக்கு அதிகபட்சம் 4.3 கிகாபைட் அளவு. இரண்டு கருக்களின் நினைவகப் போக்குவரத்தும், அவற்றுக்கிடையேயான பேச்சும் எல்லாம் அதிலேதான். காலை ஏழரை மணிக்குப் பினாங்குப் பாலத்தில் போனவர்களுக்கு மேலும் விளக்க வேண்டியதில்லை.

இருந்தாலும் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வேலைகள், எடுத்துக்காட்டாகக் கேசட் ஏற்றமும் வேறொரு படத்தின் எம்பெக் மாற்றமும், இரண்டு கருக்களில் தனித்தனியாக ஓடும்போது கருக்களுக்கிடையே பேச்சு குறைவே. பத்திரிகைகள் இந்தக் குறையைப் பெரிதுபடுத்தும் அளவுக்கு அது அங்கே வெளிப்படாது. பாயான் பாருவில் ஒரு நண்பரின் 805 கணினியில் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன். கேசட் ஏற்றமும் மாற்றமும் சேர்ந்து ஓடியபோது ஒரு ஃப்ரேம்கூட விடுபடவில்லை. பழைய ஒற்றைக் கருக் கணினியோடு ஒப்பிட்டால் அதுவே பெரிய முன்னேற்றம். ஒரே மாற்று மென்பொருள் தன் வேலையை இரண்டாகப் பிரித்து இரு கருக்களையும் பிடித்துக்கொண்டபோதுதான் தொல்லை தொடங்கியது. சன்னலைத் திறப்பதற்கும் சுட்டியை நகர்த்துவதற்கும் இடையில் இழுபறி தெரிந்தது.

வெப்பமே 805-ஐ நான் ஒதுக்குவதற்கு முதன்மைக் காரணம். அதன் வெப்ப அளவு 95 வாட். கோர் 2 டுவோவினுடையது 65 வாட். ஜூன் முதல் தேதி மின்கட்டணம் சராசரியாக 12 விழுக்காடு உயர்ந்ததிலிருந்து எல்லாரும் பில்லைப் பற்றியே பேசுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 30 வாட் வேறுபாடு நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு ஏறத்தாழ 11 யூனிட், நாலைந்து ரொட்டி சானாய்க்கு மேல் தேறாது. பில் பெரிதன்று, அந்த வெப்பம் எங்கே போகும் என்பதுதான் கேள்வி. மச்சானின் அறை பழைய கடைவீட்டின் மேல்தளம், ஓட்டுக்கூரை, ஏர்கான் மாலை ஆறு மணிக்கு நிறுத்தப்படும், கணினியோ இரவெல்லாம் மாற்றிக்கொண்டிருக்கும். பென்டியம் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எரிந்துபோவதைவிட அது நல்லதுதான்; ஆனால் காலையில் முடிந்திருக்க வேண்டிய மாற்றம் பாதியில் நிற்கும். நண்பர் வீட்டுக் கணினியின் பின்புறம் கை வைத்தபோது தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் நிற்பது போலிருந்தது. போதாக்குறைக்கு, வேலையில்லாதபோது வேகத்தைத் தணித்துக்கொள்ளும் வசதியும் 805-இல் இல்லை. சும்மா இருக்கும்போதும் அதே 2.66-இல் ஓடும். இந்தச் சில்லை நான்கு கிகாஹெர்ட்ஸுக்கு அருகில் ஓட்டிக் காட்டும் இளைஞர்களை நானும் பார்க்கிறேன். அவர்கள் ஆர்வத்துக்கு மரியாதை உண்டு. இன்னொருவர் கல்யாணத்தை அதில் வைத்துப் பார்க்க எனக்குத் துணிச்சலில்லை.

900 வரிசைப் பென்டியம் டி சற்று மேல். ஆனால் அதன் விலை கோர் 2 டுவோவின் காலடியைத் தொடுவதால் பேசிப் பயனில்லை.

அத்லான் 64 எக்ஸ்2 3800+ வேறு சிந்தனையில் பிறந்தது. ஏஎம்டி தன் கே8 வடிவமைப்பைத் தொடங்கும்போதே இரண்டாவது கருவுக்கு இடம் விட்டு வரைந்திருந்தது. இரு கருக்களும் சில்லுக்குள்ளேயே ஒரு சந்திப்பில் கூடுகின்றன. ஒன்றின் கேஷில் இருப்பது மற்றதற்கு வேண்டுமானால் வெளிச்சாலைக்குப் போக வேண்டியதில்லை. நினைவகக் கட்டுப்பாட்டு அமைப்பும் சில்லுக்குள்ளேயே இருப்பதால், கேட்ட தரவு ரேமிலிருந்து வந்து சேரும் தாமதம் குறைவு. இரட்டைத் தடத்தில் டிடிஆர் 400 ரேம் போட்டால் வினாடிக்கு 6.4 கிகாபைட் கிடைக்கும். ஹார்டு டிஸ்க், ஃபயர்வயர் முதலிய வெளிக்கருவிகளின் போக்குவரத்து ஹைப்பர்டிரான்ஸ்போர்ட் என்னும் தனி வழியில் வருகிறது. பல வேலைகள் மோதிக்கொள்ளும் நேரத்தில் இந்தப் பிரிவினை பயனளிக்கிறது. கேஷ் கருவுக்கு 512 கிலோபைட் மட்டுமே என்பது இதன் பலவீனம். ஆனால் அது கருவின் சொந்தச் சொத்து. ஒரு வேலை எவ்வளவு பேராசையோடு ஓடினாலும் பக்கத்துக் கருவின் கேஷைப் பறிக்க முடியாது. கேசட் ஏற்றம் போன்ற சாதுவான, ஆனால் நேரம் தவறக் கூடாத வேலைக்கு அது ஒரு பாதுகாப்பு.

அறிவிப்பு விலை 303 டாலரிலிருந்து 152 டாலராக, நம் பணத்தில் 560 ரிங்கிட் அளவுக்கு, இறங்கியிருக்கிறது. சென்ற ஆண்டு ஆகஸ்டில் இது 354 டாலருக்கு வந்ததை நினைத்தால், அன்றே வாங்கியவர்களுக்கு வயிறு எரியும். வெப்ப அளவு 89 வாட். ஏஎம்டி உச்சக்கட்ட அளவைச் சொல்கிறது, இன்டெல் வழக்கமான கடும்வேலையின் அளவைச் சொல்கிறது. ஆகவே 89-ஐயும் 95-ஐயும் அருகருகே வைத்து, வேறுபாடு ஆறு வாட்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எக்ஸ்2 வேலையில்லாதபோது தன் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் இறக்கிக்கொள்கிறது. மாடி அறையில் அந்த வேறுபாட்டைக் கையால் உணரலாம்.

இனி கோர் 2 டுவோ. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: சில்லை மட்டும் எடுத்து மேசையில் வைத்து ஒப்பிட்டால் இதுவே வென்றது. இஸ்ரேலின் ஹைஃபாவிலிருந்து வந்த வடிவமைப்பு. மடிக்கணினிச் சில்லுகளின் சிக்கனத்தைப் பரம்பரைச் சொத்தாகக் கொண்டது. ஒரு சுழற்சியில் நான்கு கட்டளைகள் வரை எடுத்துக்கொள்ளும். காட்சி மாற்றத்தில் மிகுதியாகப் பயன்படும் 128 பிட் எஸ்எஸ்இ கட்டளைகளை அத்லான் இரண்டு பாதியாக வெட்டிச் செய்ய, இது ஒரே வாயில் விழுங்குகிறது. எம்பெக் மாற்றத்தில் 1.86 கிகாஹெர்ட்ஸ் சில்லு 2.66 கிகாஹெர்ட்ஸ் பென்டியத்தைப் பின்னுக்குத் தள்ளுவதற்கு இதுவும் ஒரு காரணம். இ6300-இன் இரண்டு மெகாபைட் கேஷ் இரு கருக்களுக்கும் பொது. ஒரு கரு எழுதியதை மற்றது அதே இடத்தில் படித்துக்கொள்ளலாம், ஒரு கரு ஓய்ந்திருந்தால் மற்றது முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். கூட்டுக்குடும்பத்துக்குரிய குறையும் இதில் உண்டு: பேராசைக்கார வேலையொன்று பொதுக் கேஷை நிறைத்துவிட்டால் மற்றது பட்டினி கிடக்கும். நடைமுறையில் இரண்டு மெகாபைட்டுக்கு அது அடிக்கடி நேராது என்றே நினைக்கிறேன். நினைவகத்துக்கு இன்னும் பொதுச்சாலை வழியாகத்தான் போக வேண்டும் என்றாலும், சாலை 1066 மெகாஹெர்ட்ஸுக்கு அகன்றிருக்கிறது; வினாடிக்கு 8.5 கிகாபைட். கோம்தாரில் ஒரு கடையில் ஒரு மணி நேரம் கெஞ்சி உட்கார்ந்து பார்த்ததில், காற்றாடியின் ஒலியே கேட்கவில்லை. கேசட் ஏற்றிப் பார்க்க அங்கே வாய்ப்பில்லை.

விலை 183 டாலர், ஏறத்தாழ 670 ரிங்கிட். சில்லுக்குச் சில்லு பார்த்தால் எக்ஸ்2-ஐவிட நூற்றிப் பத்து ரிங்கிட்தான் கூடுதல். ஆனால் யாரும் சில்லை மட்டும் வாங்குவதில்லை. கோர் 2 டுவோவை ஏற்கும் மதர்போர்டு புதிதாக வேண்டும். சில்லு உட்காரும் பள்ளம் (சாக்கெட்) பழைய எல்ஜிஏ 775 தான் என்றாலும், மின்னழுத்த அமைப்பு புதிய சில்லுக்கு ஏற்றதாக இல்லாத பழைய போர்டுகளில் இது ஓடாது. அத்தகைய போர்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ரேமும் டிடிஆர்2 என்னும் புதிய வகையாக இருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் மச்சானின் நிலைமை முடிவைத் திருப்புகிறது. அவரிடம் இருப்பது அத்லான் 64 3200+; பள்ளம் 939; ஒரு கிகாபைட் டிடிஆர் 400 ரேம்; ஒரே ஒரு 160 கிகாபைட் ஹார்டு டிஸ்க். எக்ஸ்2 3800+ அதே 939 பள்ளத்தில் உட்காரும். மதர்போர்டின் தொடக்க மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தால் போதும், மதர்போர்டும் ரேமும் அப்படியே இருக்கலாம். விண்டோஸ் எக்ஸ்பிக்கும் புதிய உரிமம் வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் கருக்களை எண்ணுவதில்லை, பள்ளங்களைத்தான் எண்ணுகிறது.

"மச்சான், ரெண்டு கோர்னா ரெண்டு கம்ப்யூட்டர்தானே?" என்று அவர் கேட்டார். இரண்டு சமையற்காரர்களை வைத்துக்கொண்டாலும் அடுப்பு ஒன்றுதானே என்றேன். வைகாசியில் தாலிக் காட்சி விக்கியதற்குக் குற்றவாளி செயலி மட்டுமன்று. நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுற்றும் ஹார்டு டிஸ்க் வினாடிக்கு 120 முறை சுற்றுகிறது. தலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்து, தட்டு அரைச் சுற்றுச் சுற்றி வருவதற்குள் 12, 13 மில்லிவினாடி போய்விடும். சீராக ஒரே கோப்பைப் படித்தால் வினாடிக்குப் பல பத்து மெகாபைட் தரும் அதே டிஸ்க், ஏறும் கேசட்டை ஓரிடத்தில் எழுதவும், மாற்றத்துக்கான காட்சியை இன்னோரிடத்தில் படிக்கவும், முடிந்த எம்பெக்கை மூன்றாமிடத்தில் எழுதவும், டிவிடிக்கு நான்காமிடத்தில் படிக்கவும் ஓடினால் நேரமெல்லாம் அலைச்சலிலேயே கழியும். நச்சுநிரல் சோதனை ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் திறக்கத் தொடங்கினால் சொல்லவே வேண்டாம். நான்கு கருக்கள் இருந்தாலும் அந்த ஒற்றைத் தலைக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

அதனால் என் பரிந்துரை இதுவே. எக்ஸ்2 3800+ வாங்கி இருக்கும் கணினியில் போடுவது. புதிய மதர்போர்டுக்கும் டிடிஆர்2-க்கும் போயிருக்க வேண்டிய பணத்தில் இரண்டு ஹார்டு டிஸ்குகள் வாங்குவது, ஒன்று கேசட் ஏற்றத்துக்கு மட்டும், மற்றது மாற்றிய கோப்புகளுக்கு. ரேமை இரண்டு கிகாபைட்டாக்குவது. இந்த அமைப்பு, ஒரே டிஸ்கோடு நிற்கும் கோர் 2 டுவோவைவிட முகூர்த்த நாளில் மேலாக உழைக்கும் என்பது என் உறுதியான கருத்து. கையில் பழைய 939 கணினி இல்லாமல் புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இ6300 வாங்கலாம். கையில் இன்னும் கொஞ்சம் இருந்தால் நான்கு மெகாபைட் கேஷோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் இ6600-ஐ 316 டாலர் கணக்கில் பார்க்கலாம். மே மாதத்தில் வந்த ஏஎம்2 பள்ளத்து எக்ஸ்2-ஐப் புதிதாக வாங்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. மதர்போர்டும் டிடிஆர்2-உம் எப்படியும் வாங்க வேண்டும் என்றால் கோர் 2 டுவோவுக்கே வாங்கிவிடலாம்.

939-க்கு எதிரான வாதம் ஒன்று உண்டு, அது பலமானதும்கூட: அந்தப் பள்ளத்துக்கு எதிர்காலமில்லை. ஏஎம்2 வந்தபின் 939 சில்லுகள் கடைகளிலிருந்து மெல்ல மறையும். இன்று எக்ஸ்2 போட்டால் அதுவே இந்தக் கணினியின் கடைசிச் சில்லு. மச்சான் இதைக் கேட்டு முகம் சுளித்தார். ஆனால் அவர் வாங்கும் ஹார்டு டிஸ்குகள் அடுத்த கணினிக்கும் போகும். இழப்பது 560 ரிங்கிட் சில்லை மட்டுமே, அதுவும் இரண்டு தீபாவளி உழைத்த பிறகு. இன்னொரு பக்கம், இந்த வாய்ப்பு அடுத்த ஆண்டு இருக்காது. வேண்டுமென்று தேடும்போது 939 எக்ஸ்2 கிடைக்காமல் போகலாம், கிடைத்தாலும் விலை ஏறியிருக்கலாம்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியவை, விலைப்பட்டியலில் இல்லாதவை. பழைய சில்லைக் கழற்றுவதற்கு முன்பே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். கழற்றிய பின் நினைவு வந்தால் கணினி எழும்பாமலே போகக்கூடும். புதிய சில்லோடு எழும்பியதும் டிவைஸ் மேனேஜரில் 'மல்ட்டிபிராசசர்' என்று வந்திருக்கிறதா, டாஸ்க் மேனேஜரில் இரண்டு வரைபடங்கள் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்றுதான் தெரிந்தால் விண்டோஸைச் சரிசெய்து நிறுவும் வேலை காத்திருக்கிறது. ஏஎம்டி தரும் செயலி டிரைவரையும் டூவல் கோர் ஆப்டிமைசரையும் போட்டுவிட வேண்டும். இரு கருக்களின் நேரக் கணக்கு விலகிப்போவதால் சில மென்பொருள்கள் தடுமாறுவதை அது சரிக்கட்டுகிறது. புதிய டிஸ்குகளை என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்ய வேண்டும், ஏனென்றால் ஃபேட்32-இல் ஒரு கோப்பு நான்கு கிகாபைட்டைத் தாண்டாது, நம் கேசட்டோ பதின்மூன்று.

எல்லாவற்றையும்விட, மாற்று மென்பொருளைக் கட்டி வைக்க வேண்டும். அவிழ்த்துவிட்டால் அது இரு கருக்களையும் தின்றுவிடும். அப்போது இரட்டைக் கரு வாங்கியதன் நோக்கமே போய்விடும். கேசட் ஏறும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரில் அந்த மென்பொருளின் மீது வலச்சொடுக்கி, அதை இரண்டாம் கருவுக்கு மட்டும் ஒதுக்கி, முன்னுரிமையையும் ஒரு படி இறக்கிவிட்டால் முதல் கரு கேசட்டுக்கென்றே காலியாக இருக்கும். கேசட் முடிந்ததும் கட்டை அவிழ்த்துவிடலாம். நச்சுநிரல் சோதனையை விடியற்காலை மூன்று மணிக்கு மாற்றி வைக்க இரண்டு நிமிடம் போதும். அதை வைகாசியிலேயே செய்திருக்கலாம்.

அந்த வைகாசிக் கேசட் இன்னும் மச்சானின் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது. சில்லைப் பொருத்திய அன்று முதலில் ஏற்றப்போவது அதைத்தான், பின்னால் எம்பெக் மாற்றமும் டிவிடி எழுதுதலும் ஒன்றாக ஓட.